அலுமினியப் பாய்மரப் படகில் போனவர்கள், பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

படகில் கால் வைப்பதற்கு முன் சொந்தக்காரர் என்னிடம் கேட்டது நீச்சல் தெரியுமா என்று அல்ல. "பையில் சில்லறை இருக்கிறதா?" என்றார். இருந்தது. 1, 2, 5 சென்ட் காசுகளைத் தனியாகப் பொறுக்கி வாங்கி, கரையில் நின்ற காரில் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தார். மனுஷனுக்குக் காசு மேல் என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டேன்.

நான் புதுச்சேரிக்காரன், பிரான்ஸின் நாந்த்தில் வேலை. கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய ஓவ்னி ஒன்று வைத்திருக்கிறார். அலுபா என்ற நிறுவனம் லே சாப்ல் தொலோனில் கட்டுகிற அலுமினியப் படகு. ஓவ்னி என்றால் பிரெஞ்சில் பறக்கும் தட்டு. பெயர்தான் அப்படி, உருவத்தில் பெயின்ட் அடிக்காத, சாம்பல் நிறப் பெரிய குண்டான். வாந்தே குளோப் என்ற உலகம் சுற்றும் தனியாள் பந்தயம் கிளம்புவதும் அதே ஊரிலிருந்துதான். பந்தயத்தின் பெயரில் இருக்கிற 'வாந்தே' எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு முதல் நாள் மாலையே புரிந்துவிட்டது.

பிஸ்கே விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து ஸ்பெயினின் லா கொருன்யா வரை போனோம். 200 மீட்டர் ஆழம் இருக்கும் கடல் திடீரென்று 4,000 மீட்டருக்கு இறங்கும் இடம் ஒன்று வழியில் வரும். அங்கே அலையின் குணமே மாறிவிடும். இரண்டாவது இரவு என் காவல் முறை. மணி மூன்றிருக்கும், அண்டாவை உலக்கையால் இடித்த மாதிரி ஒரு சத்தம். படகு ஒருமுறை குலுங்கி நின்று, மறுபடி ஓடியது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் அரைத் தூக்கத்தில் எழுந்து, தரைப் பலகையைத் தூக்கி, அடிப்பள்ளத்தில் டார்ச் அடித்தார். விரலை விட்டுத் தடவினார். "காய்ந்துதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். நான் விடியும் வரை அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லா கொருன்யாவில்தான் அடியைப் பார்த்தோம். முன்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, இட்லித் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். மிதந்து வந்த மரக்கட்டையாக இருக்கும். மண்சட்டி உடையும், அலுமினியச் சட்டி நெளியும், அவ்வளவுதான் விஷயம்.

சில்லறை விவகாரத்தையும் அங்கேதான் விளக்கினார். அந்த மூன்று காசுகளுக்கும் மேலே செம்புப் பூச்சு. ஒன்று தவறி அடிப்பள்ளத்தில் விழுந்து, உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தால், அந்த இடமே பேட்டரி மாதிரி ஆகி, தகடு கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்பட்டு ஓட்டையே விழலாம். பாசி பிடிக்காமல் அடியில் பூசுகிற சாதாரண செம்புப் பெயின்ட்டும் இதற்கு ஆகாது. மரக்கட்டைக்கு அசராத படகு செப்புக் காசுக்குப் பயப்படுகிறது!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படகுக்கு அடியில் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் அடிப்பலகையை உள்ளே இழுத்துக்கொண்டால் சுமார் ஒரு மீட்டர் தண்ணீர் போதும். ஓதம் வற்றும்போது சேற்றிலேயே நேராக உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் ஒரு மாலை அப்படி உட்கார்ந்து, இறங்கி நடந்துபோய்ச் சிப்பி பொறுக்கினோம்.

பதில் (சிங்கப்பூர்)

துவாஸில் ஒன்பது வருஷமாக வெல்டர். சகோதரர் படகைப் புகழ்ந்துவிட்டார், நான் அதை ஒட்டுகிறவன் கஷ்டத்தைச் சொல்கிறேன். படகுக்கு 5083 மாதிரி மக்னீசியம் கலந்த தகடுதான் வரும். எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் அதன் மேல் இருக்கிற ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் ஒட்டும் முன்பு பிரஷ் போட்டுச் சுத்தமாகத் தேய்க்க வேண்டும், இரும்பில் தேய்த்த பிரஷ்ஷைத் தொடவே கூடாது. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். இது நிறமே மாறாது, சொல்லாமல் கொள்ளாமல் பொத்தென்று ஓட்டை விழும். காற்றடித்தால் ஒட்டும் இடத்தை மூடிக் காக்கிற ஆர்கான் வாயு கலைந்து, ஒட்டு முழுக்கப் பொடி ஓட்டையாக, ஆப்பம் மாதிரி வரும். சின்னத் துறைமுகத்தில் இரும்பு ஒட்ட ஆள் கிடைப்பான், இதற்குக் கிடைப்பது கஷ்டம். தூரம் போகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

பதில் (திருகோணமலை)

அண்ணை, தாய்லாந்துப் பக்கமிருந்து சுமார் ஆயிரம் கடல் மைல் ஓடி இங்கே வாற பாய்ப்படகுகளுக்கு நான் மரக்கறி, டீசல் கொண்டுபோய்க் கொடுக்கிறனான். ஒருமுறை இப்படி ஒரு சாம்பல் படகு வந்தது. எங்கட மீனவர் ஒருவர், "பெயின்ட் அடிக்கக் காசில்லையோ?" என்று கேட்டுவிட்டார். அந்த வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு நாள் கரைக்கு இறங்கவே இல்லை. சுவிட்சுப் பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது: எங்கேயோ மின்சாரம் உடற்தகட்டில் கசிகிறது என்று அர்த்தமாம். ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் குசினி விளக்கின் வயர், தோல் உரிந்து தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்ததும் அந்த அம்மா எனக்கும் தேத்தண்ணி போட்டுத் தந்தா. கழற்றிப் போட்ட பழைய துத்தநாகக் கட்டியையும் காட்டினா. எலி கடித்த தேங்காய்ச் சொட்டு மாதிரி இருந்தது. படகை அரிக்க வாறதைத் தான் வாங்கிக்கொள்ளுமாம்.

பதில் (சென்னை)

எல்லாம் சரி, 1969-இல் நிற்காமல் 312 நாளில் உலகைத் தனியாளாகச் சுற்றி முடித்த முதல் படகு சுஹைலி, நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. 32 அடிதான். அப்புறம் எதற்கு அலுமினியம்? வெயிலில் கால் வேறு சுடுமே?

முதல் பதிவர்

சுஹைலிக்கு ஒரு சலாம். ஆனால் அந்தத் தேக்குப் படகுக்குள்ளும் வழியெல்லாம் தண்ணீர் கசிந்தது, அதை ஓட்டிய மனிதர் கடலில் குதித்து அடைத்தார். என்னால் அது ஆகாது.

கால் சுடும். எங்கள் படகுக்காரர் மேல்தளத்துக்கு மட்டும் வெளிர் நிறம் அடித்திருக்கிறார். உள்ளே தகட்டில் குளிர் தடுக்கும் நுரை ஒட்டவில்லை என்றால் குளிர்நாட்டில் காலையில் கூரையிலிருந்து தலையணையில் சொட்டும். நங்கூரம் போட்டால் அடியில் அலை தட்டுகிற சத்தத்தில் முதல் இரவு தூக்கம் வராது.

வெல்டர் தம்பிக்கு ஒரு கேள்வி: அந்த இட்லித் தட்டுப் பள்ளத்தை அவர் இன்னும் தட்டி எடுக்கவில்லை, அப்படியே விடலாம் என்கிறார். விடலாமா?