எல்லோரும் ஆடும் களம் அமைக்க உங்கள் அனுபவம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நடத்தும் மாலை நேரக் கைப்பந்துக் குழுவில் மாற்றுத்திறனாளிகளையும், பள்ளிப் பருவத்தோடு விளையாட்டை விட்டுவிட்ட பெண்களையும் சேர்க்க விரும்புகிறோம். ‘அனைவரும் வரலாம்’ என்று பலகை வைத்து ஓராண்டாகியும் புதிதாக ஒருவர்கூட வரவில்லை. வரத் தயங்குபவர்களை நாங்களே தேடிச் சென்று, அவர்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று கேட்காததுதான் காரணம் என இப்போது உணர்கிறோம்.

ஆகவே, ஒரு சிறப்புப் பள்ளியோடும் மகளிர் குழுவோடும் கைகோக்கத் திட்டமிட்டிருக்கிறோம். 1980 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்றுவரும், அமர்ந்தாடும் கைப்பந்திலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள களம் அதற்குப் போதும். வலையும் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரம்தான் என்பதால், உள்ளூர்ப் பயிற்சியில் உடற்குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் தரையில் அமர்ந்து ஒரே அணியாக ஆட முடியும். பார்வையற்றோர் மணியோசை கேட்டு ஆடும் கோல்பாலுக்கு அமைதியான உள்ளரங்கம் வேண்டும். அது எங்களிடம் இல்லை, பள்ளியிடம் இருக்கிறது.

இத்தகைய கூட்டு முயற்சியை நடத்தியவர்கள், ஒப்பந்தத்தில் எவற்றையெல்லாம் எழுதி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு, குழந்தைகளின் பாதுகாப்பை யார் கவனிப்பது, போக்குவரத்துச் செலவை எப்படிப் பகிர்வது என்பவற்றில் எங்களுக்குத் தெளிவில்லை. எல்லாவற்றையும்விட, மாற்றுத்திறனாளிகள் வெறும் பங்கேற்பாளர்களாக நின்றுவிடாமல், முடிவெடுக்கும் இடத்திலும் அமர நீங்கள் என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதை அறிய மிகவும் விரும்புகிறேன். அடுத்த மாதம் பள்ளி நிர்வாகத்தைச் சந்திக்கிறோம். அதற்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.