14 வருட மெயில் பழைய கம்ப்யூட்டரில், புதியதில் 37 மட்டும். நாளை ஃபார்மேட் பண்ண ஆள் வருகிறார்!

காலண்டர்க்காரர் (சிவகாசி)

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசியில் காலண்டர் ஆர்டர் எடுத்து அச்சுக்குக் கொடுக்கிற தொழில் என்னுடையது. சொந்த மிஷின் கிடையாது. ஆர்டர் பிடிப்பது, டிசைன் போடுவது, புரூஃப் அனுப்பி ஓகே வாங்குவது, லாரி செட்டில் பார்சல் போடுவது, இவ்வளவுதான் என் வேலை. அதில் முக்கால்வாசி மெயிலில்தான் நடக்கிறது.

2011-இல் வாங்கிய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். மெயிலுக்கு தண்டர்பேர்டு. ஒரு வாரமாக ஹார்ட் டிஸ்க், டப்பாவில் நாலு கோலிக்குண்டைப் போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம் போடுகிறது. பயந்துபோய் விண்டோஸ் 11 போட்ட புதுசு ஒன்று வாங்கிவிட்டேன்.

வாங்கிய கடையில் "டேட்டா எல்லாம் நாங்களே மாத்தித் தர்றோம்" என்றார்கள். மாற்றினது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டு மட்டும். மெயில் எங்கே என்று கேட்டால், "பாஸ்வேர்டு போட்டா தானா வந்துரும் சார்." என் அக்கா மகனும் அதையேதான் சொன்னான். சரி என்று புதியதில் தண்டர்பேர்டு போட்டு, பாஸ்வேர்டு கொடுத்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 37 மெயில். எல்லாம் இந்த இரண்டு நாளில் வந்தவை. பழையது ஒன்றுகூட இல்லை.

முகவரிப் புத்தகம் அடுத்த கூத்து. 1,140 பேர் இருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டரில் எக்ஸ்போர்ட் கொடுத்து, இரட்டைப் பெயர்களை நீக்கலாமே என்று எக்ஸெலில் திறந்து, சுத்தம் பண்ணி, சேவ் பண்ணி இங்கே கொண்டுவந்தேன். தமிழில் இருந்த பெயர் எல்லாம் வெறும் கேள்விக்குறி. போன் நம்பர்கள் 9.19இ+11 என்று ஏதோ கணக்குப் பாடம் மாதிரி நிற்கின்றன.

ஆடி 18-க்கு அடுத்த வருட காலண்டர் மாதிரிப் படங்களின் ஆல்பம் வெளிவந்துவிடும். அன்றிலிருந்து போன் ஓயாது. "போன வருஷம் போட்ட அதே படம், அதே ரேட்" என்பார்கள். அந்தப் படமும் ரேட்டும் மெயிலில்தான் இருக்கின்றன. பொள்ளாச்சியில் ஒரு அரிசி மில்காரர் இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

இதற்கு நடுவில் நாளை மதியம் கடைப் பையன் வந்து பழைய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். "பேக்கப்புக்கு வச்சுக்கலாம் சார்" என்கிறான். விடலாமா?

நெல்லை நெட்வொர்க்

அண்ணாச்சி, அந்தப் பையனுக்கு இப்போதே போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சொல்லிவிட்டீர்களா? சரி. உங்கள் மெயில் தொலையவில்லை. பழைய டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கிறது, இன்னும் ஃபார்மேட் பண்ணாததால்.

பழைய தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து போர்ட் எண்ணைப் பாருங்கள். 993 என்றால் ஐமேப் என்ற முறை, மெயில் சர்வரிலேயே இருக்கும், அக்கா மகன் சொன்னது சரி. 995 அல்லது 110 என்றால் பாப் என்ற முறை. பாப் நம்ம ஊர் போஸ்ட்மேன் மாதிரி. கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், போஸ்ட் ஆபீஸில் போய்க் கேட்டால் நகல் கிடைக்காது. சர்வரில் நகல் விட்டுவை என்று ஒரு டிக் உண்டு. அது உங்களுக்கு இருந்திருந்தால் 37-க்கு மேல் வந்திருக்கும். இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். ஹெல்ப் மெனுவில் வெர்ஷன் எண்ணும் வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணும் முன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் புது மெயில் கொஞ்சம் அதற்குள் போய் உட்காரும். ஏற்கெனவே இரண்டு இடம், அதைக் கூட்ட வேண்டாம்.

காலண்டர்க்காரர் (சிவகாசி)

பையனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தான், போகட்டும்.

போர்ட் 995. அந்த டிக் இல்லை. எங்கள் டொமைனுக்கு மெயில் கொடுக்கிறவர் 500 எம்பிதான் இடம் தருகிறார். புரூஃப் அனுப்ப ஆரம்பித்தால் பத்து நாளில் நிரம்பிவிடும். அதனால் அவரே பல வருடம் முன்பு அதை எடுத்துவிடச் சொன்னார். அந்தப் பழக்கத்தில் புதியதிலும் முதல் வேலையாக எடுத்துவிட்டேன். வெர்ஷன் 91.

நெல்லை நெட்வொர்க்

அப்படியென்றால் 37 மெயில் புதியதில் மட்டும் இருக்கின்றன, மற்றதெல்லாம் பழையதில் மட்டும். இரண்டையும் சேர்க்க வேண்டும். பழையதிலிருந்து தொடங்குவோம்.

பழைய தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவுக்குள் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அதில் ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்கு எதிரே ஒரு பட்டன். அமுக்கினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதன் பெயர் எட்டு எழுத்துக் கண்டபடி இருந்து, புள்ளி வைத்து டீஃபால்ட் என்று முடியும். அதுதான் உங்கள் 14 வருடம். மறைத்து வைக்கப்பட்ட ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருப்பதால் கடைப் பையன் கண்ணில் படவில்லை. நல்ல பையன்களும் இதில் தவறுவதுண்டு.

இடத்தைக் கண்டுபிடித்ததும் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். திறந்து வைத்துக்கொண்டு காப்பி பண்ணினால் சில ஃபைல் அரைகுறையாக வரும். சத்தம் போடுகிற டிஸ்க் என்பதால், உள்ளே இருக்கும் மெயில் என்ற ஃபோல்டரை மட்டும் முதலில் எடுங்கள். அது வந்து சேர்ந்ததும் முழு ப்ரொஃபைலையும் இன்னொரு தடவை எடுங்கள். கம்பாக்ட் பண்ணச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கம்பாக்ட் என்பது மொத்த ஃபைலையும் திரும்ப எழுதுகிற வேலை. சாகக் கிடக்கிறவரை மாடிப்படி ஏறச் சொல்வதற்குச் சமம்.

இன்னொன்று. தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரில் இருக்கும் மெயில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைக்கும். இன்பாக்ஸ் என்று வால் இல்லாமல் ஒரு ஃபைல் இருக்கும், பக்கத்தில் அதே பெயரில் எம்எஸ்எஃப் வால் போட்டுச் சின்னதாக இன்னொன்று. பெரியதுதான் மெயில், சின்னது வெறும் அட்டவணை. பெரியது 4 ஜிபியைத் தாண்டியிருந்தால் சாதாரண பென் டிரைவ் ஏற்காது. அது பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும், ஒரு ஃபைலுக்கு 4 ஜிபிதான் எல்லை. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் உள்ள டிஸ்க்காகப் பாருங்கள்.

முகவரிகளுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். அதே ப்ரொஃபைலுக்குள்தான் இருக்கின்றன, கூடவே வந்துவிடும். எக்ஸெல் ஃபைலை மறந்துவிடுங்கள். அதில் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது கீழே ஃபைல் வகை கேட்கும், சிஸ்டம் கேரக்டர்செட் என்று ஒன்று, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கிற யூடிஎஃப்-8 என்று ஒன்று. முதலாவதில் விட்டிருப்பீர்கள். விண்டோஸ் சிஸ்டத்துக்கு வைக்கிற பழைய எழுத்து அட்டவணைகளில் தமிழுக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது, ஆகவே தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடும். கருப்பசாமி என்று ஒரு பெயர் இருந்தால் எண்ணிப் பாருங்கள், பத்துக் கேள்விக்குறி இருக்கும். புள்ளி, துணைக்கால், கொக்கி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கு. போன் நம்பர் எக்ஸெலின் கைவரிசை. பிளஸ் 91 போட்ட நம்பரைப் பெரிய எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும், சிஎஸ்வி-யாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக, சேவ் பண்ணினால் காட்டின சுருக்கத்தையே எழுதிவைக்கும். கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். பழைய புத்தகம் அப்படியே இருக்கிறதே, கவலை வேண்டாம்.

மனசு கேட்காவிட்டால் பழையதில் எல்டிஐஎஃப் என்ற முகவரிப் புத்தக ஃபைல் வகையில் ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள். நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர் எல்லாம் 4கே6 என்று தொடங்கும் புரியாத எழுத்தாகத் தெரியும். பயப்படாதீர்கள், அது தமிழை மடித்துவைக்கிற முறை. இம்போர்ட் பண்ணும்போது விரிந்துகொள்ளும்.

மேகத்தில் ஒருவன்

இத்தனை பாடு எதற்கு? பெரிய மெயில் சேவை ஒன்றுக்கு மாறி ஐமேப் வையுங்கள். இலவசமாகவே 15 ஜிபி கிடைக்கிறது. நாளைக்குக் கம்ப்யூட்டர் கிணற்றில் விழுந்தாலும் மெயில் இருக்கும்.

நெல்லை நெட்வொர்க்

மாறலாம், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மேகத்துக்கு ஏற்றுவதற்கே முதலில் பழைய ஃபோல்டர் கைக்கு வரணுமே தம்பி. அண்ணாச்சி, ஆடி முடிந்ததும் அதைச் செய்யுங்கள். சீசன் நடுவில் வேண்டாம்.

ஈப்போ அச்சுக்கூடம்

ஐயா, மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், நானும் அச்சுத்தொழில்தான். ஒன்றை யாரும் சொல்லவில்லை. பழைய கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணினி மாற்றியபோது மின்னஞ்சல் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. திறந்து பார்த்தால் பாதிக் கடிதம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாகக் கிடந்தது. பதறிவிட்டேன். அவை பாமினியில் எழுதப்பட்டவை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். இன்னும் பழைய கடிதங்கள் சில திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் இருந்தன. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் காலத்துக் கடிதங்கள். அவற்றை என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் ஒட்டி யூனிகோடாக மாற்றிக்கொண்டேன்.

உங்களுக்கு வாசகம் அனுப்பும் வாடிக்கையாளர்களில் இலங்கை, கனடாக்காரர்கள் இருந்தால் பாமினி கட்டாயம் இருக்கும்.

காலண்டர்க்காரர் (சிவகாசி)

ஐயா சொன்னது அப்படியே உண்மை. யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றுக்கு வருடாவருடம் போடுகிறேன், அவர்கள் வாசகம் முழுக்க பாமினி. எழுத்துருவை எடுக்காமல் விட்டிருந்தால் கடைப் பெயரையே தப்பாக அடித்திருப்பேன்.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்பாக்ஸ் ஃபைல் மட்டும் 7.3 ஜிபி. நெல்லைத் தம்பி சொல்லியும் கேட்காமல் முதலில் பென் டிரைவில் போட்டுப் பார்த்தேன். ஃபைல் பெரியது என்று திருப்பிவிட்டது. பக்கத்தில் அச்சுக்குப் பிளேட் போடும் கடையில் எக்ஸ்டர்னல் டிஸ்க் கடன் வாங்கி வந்தேன். மெயில் ஃபோல்டரை எடுக்கும்போது கம்ப்யூட்டர் ஒரு தடவை நின்றுபோனது. அணைத்து, அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைத்து, திரும்பப் போட்டேன். இரண்டாவது தடவை போய்ச் சேர்ந்தது. டிஸ்க் சூடு குறைந்ததாலா, வீட்டில் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டதாலா, அது அவரவர் நம்பிக்கை.

புதியதில் காப்பி பண்ணி வைத்துவிட்டேன். இனி எப்படி அதைத் திறப்பது? அந்த 37?

நெல்லை நெட்வொர்க்

நல்லது. முதலில் 37. புதியதில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, புதிய ப்ரொஃபைலின் மெயில் ஃபோல்டருக்குள் போய், அங்கே இருக்கும் வாலில்லாத இன்பாக்ஸ் ஃபைலை காப்பி பண்ணுங்கள். பெயரை இரண்டுநாள் என்று மாற்றுங்கள். கொண்டுவந்த பழைய ப்ரொஃபைலில் மெயில், அதற்குள் லோக்கல் ஃபோல்டர்ஸ், அங்கே அதைப் போடுங்கள். எம்எஸ்எஃப் வேண்டாம், அது தானாக உருவாகும்.

அப்புறம் புதிய தண்டர்பேர்டில் அதே ட்ரபுள்ஷூட்டிங் பக்கத்தில் அபவுட் ப்ரொஃபைல்ஸ் என்று ஒரு இணைப்பு இருக்கும். அதில் புது ப்ரொஃபைல் உருவாக்கு என்று கொடுத்து, இடம் தேர்வு செய்யச் சொல்லும்போது பழைய ஃபோல்டரைக் காட்டுங்கள். அதை டீஃபால்ட் ஆக்கிவிட்டு மூடித் திறங்கள். பாஸ்வேர்டு, ஃபில்டர் உட்பட எல்லாம் வரும்.

காலண்டர்க்காரர் (சிவகாசி)

திறந்தேன், காலி. அக்கவுண்ட் உருவாக்கு என்று கேட்கிறது!

நெல்லை நெட்வொர்க்

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்துவிட்டீர்களா? நீங்கள் காட்டுகிற ஃபோல்டரைத் திறந்ததும் மெயில் என்பது நேராகக் கண்ணில் படவேண்டும். இன்னொரு படி உள்ளே இருந்தால் அந்த உள் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

காலண்டர்க்காரர் (சிவகாசி)

அதேதான். "பழையது" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைத்து, வெளி ஃபோல்டரைக் காட்டியிருந்தேன். மாற்றிக் காட்டியதும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. அட்டவணை போடுகிறது போலிருக்கிறது. அப்புறம் 2011-இல் வந்த முதல் ஆர்டர் வரைக்கும் இறங்கிவிட்டது. முகவரிப் புத்தகத்தில் 1,140 பேரும் தமிழில் இருக்கிறார்கள், நம்பர் முழுசாக. இரட்டைப் பெயர்களும் அப்படியே இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். இடதுபக்கம் கீழே "இரண்டுநாள்" என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 37.

நெல்லைத் தம்பிக்கும் ஈப்போ ஐயாவுக்கும் ரொம்ப நன்றி. முகவரி அனுப்பினால் ஆளுக்கு ஒரு தினசரி காலண்டர் வரும். பழைய பெட்டியைத் துணி போட்டு மூடி, பார்சல் அறையில் வைத்திருக்கிறேன். சீசன் முடியும்வரை யாரையும் தொடவிடப் போவதில்லை.

அந்த 37-இல் பொள்ளாச்சிக்காரர் மெயிலும் ஒன்று. போன வருடம் ஒரு காலண்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தேனாம், அதே ரேட் வேண்டுமாம். போன வருடம் அவர் ஓகே சொல்லி அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அப்படியே ஃபார்வர்டு பண்ணிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.