மிஸ்ஸிங், உதறல், காயில்: உங்களுக்கு நடந்தது என்ன?

அல்சூர்க்காரன்:
போன ஐப்பசி மழையில், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறின கொஞ்ச நேரத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. மிதித்தால் பிக்கப் இல்லை, ஒரே மிஸ்ஸிங். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னியது. அங்கே ஓரம் கட்ட ஏது இடம்? உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், பி0303. மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. எஸ்டிமேட்டில் மட்டும் நாலு காயில் (பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயில்), நாலு பிளக், இன்ஜெக்டர் கிளீனிங்!

"மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டுப் பார்த்தீங்களா தம்பி?" என்றேன். பையன் போனைப் பார்த்தான்.

சரி என்று வண்டியை எடுத்து வந்து நானே பார்த்தேன். காயிலுக்கு ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். டைமிங் செயின் பக்கத்திலிருந்து எண்ணி, ஒன்றையும் மூன்றையும் இடம் மாற்றினேன். பழைய கோளாறு எண்ணை அழித்து ஸ்டார்ட் செய்து, நூறு ரூபாய் லாட்டரிச் சீட்டு எடுத்தவன் மாதிரி ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பி0301. காயிலோடு கோளாறும் ஒன்றாம் சிலிண்டருக்கு வந்துவிட்டது, அப்படியென்றால் காயில்தான். மூன்று ஒன்றாக மாறிய அந்த நொடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரே ஒரு காயில் வாங்கினேன், உதறல் போச்சு.

கேஆர்புரம்_அக்கா:
சந்தோஷம், ஆனால் கதை அங்கே முடியாது அண்ணா. நானும் இதே மாதிரி கண்டுபிடித்துப் புதுக் காயில் போட்டேன். எட்டு மாதத்தில் அதே சிலிண்டர், அதே உதறல். இரண்டாம் முறை உருவியபோதுதான் பார்த்தேன், காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் உறையின் நுனியில் ஆயில் சொட்டுகிறது. வால்வ் கவர் கேஸ்கெட் (இன்ஜின் மேல் மூடியின் சீல்) கசிந்து பிளக் குழியில் தேங்கியிருக்கிறது. இடம் மாற்றிப் பார்த்தால் காயில் செத்தது தெரியும், எதனால் செத்தது என்று தெரியாது. குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா?

ஹெப்பால்_பாஸ்கி:
எனக்கும் உதறல்தான். டீசல் வண்டி. ஏரியா மெக்கானிக் காயில் மாற்றி 1,800 வாங்கினார். ஒரு வாரம் நன்றாக ஓடியது, இப்போது திரும்ப ஆரம்பித்துவிட்டது.

பழைய_ஸ்பேனர்:
எனக்கு நடந்தது சின்னது, எலி ஒயரைக் கடித்தது, விடுங்கள். அல்சூர்க்காரரே, விளக்கு மின்னும்போது வீடு வரைக்கும் ஓட்டியதுதான் பெரிய தப்பு. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரி அமைப்பு உருகிவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் காயில் விலையெல்லாம் டீக்காசு. மேம்பாலத்தில் வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். இறங்கின உடனே நிறுத்தியிருக்கலாம். அப்புறம், பிளக்கையும் பாருங்கள். தேய்ந்து நுனியில் உள்ள கேப் (இடைவெளி) அகலமாகிவிட்டால் பொறி தாண்டுவதற்குக் காயில் அதிக வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும், அதிலேயே சீக்கிரம் போய்விடும். பழைய கார் மாதிரி இன்ஜின் ஓடும்போது காயிலை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்காதீர்கள், பல ஆயிரம் வோல்ட், கை போய்விடும்.

பாஸ்கி தம்பி, டீசலில் பொறியே கிடையாதே, இக்னிஷன் காயில் எங்கிருந்து வந்தது?

ஹெப்பால்_பாஸ்கி:
பில்லைத் தேடி எடுத்துவிட்டேன் சார். 'காயில் – 1' என்றுதான் எழுதியிருக்கிறது.