உப்புவெளியில் இரத்ததான முகாம்: ஏன் திருப்பி அனுப்புகிறார்கள், ஏன் மயங்குகிறார்கள்?

கழகச் செயலாளர்:
வணக்கம். வைகாசியில் எங்கள் கழகம் இரத்ததான முகாம் வைக்கிறது. கச்சான் என்கிற வெப்பக் காற்று அடிக்கிற காலம். அறுபது பேர் பெயர் தந்திருக்கிறார்கள், பாதிப்பேருக்கு முதல் தடவை. ஊசி போட முன்னமே சிலரைத் திருப்பி அனுப்புவதும், கொடுத்தபின் சிலர் மயங்குவதும் ஏன்? முன்கூட்டியே என்ன செய்யலாம்?

ஆய்வுகூட அலுவலர்:
தம்பி, பெயர் எழுதும்போதே கொஞ்சப்பேரைக் கழிக்கலாம். 18 முதல் 60 வயது, 50 கிலோவுக்கு மேல் நிறை, கடைசியாகக் கொடுத்து 4 மாதம், கையில் அடையாள அட்டை. பச்சை குத்தி ஒரு வருடமாகாதவர்கள் காத்திருக்க வேண்டும்.

கூடுதலானோர் தவறுவது இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபினின் அளவில். விரலில் குத்தி ஒரு துளியை நீலநிறச் செப்பு சல்பேற்றுக் கரைசலில் விடுவார்கள். கரைசலின் சாரடர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.053 என்றால், அது டெசிலீற்றருக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபினுக்குச் சமம். போதுமான ஹீமோகுளோபின் இருந்தால் துளி 15 விநாடிக்குள் நேரே அடிக்குப் போகும். குறைந்தால் நடுவில் தயங்கி மேலே எழும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து துளி இலேசாகும். காற்றுக்குமிழி சிக்கினாலும் மிதக்கும். அதனால் ஒரு துளி மிதந்தவுடன் எழும்பிப் போகாமல், இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

உண்மையாகவே குறைவென்றால் இரும்புக் குளிசையைத் தாங்களாக விழுங்க வேண்டாம், முதலில் எஃப்.பி.சி. என்ற முழு இரத்தப் பரிசோதனை எடுக்கட்டும். பரம்பரையாக வரும் தலசீமியா என்ற இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவருக்கும் அளவு குறையும். இரும்புக் குறைபாடும் இல்லையென்றால் குளிசையால் அது ஏறாது. மற்றவர்கள் இப்போதே சூரை மீன், ஈரல், தேசிக்காய் பிழிந்த முருங்கையிலை வறை என்று சாப்பிடத் தொடங்கலாம். சோற்றுக்கு மேல் உடனே தேநீர் குடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், அது இரும்பை உடலில் சேரவிடாது.

தாதி அக்கா:
மயக்கத்துக்குக் காரணம் போன இரத்தம் மட்டுமில்லை. பயத்தில் நரம்பு இதயத்தை மெதுவாக்க, நாளங்கள் விரிந்து அழுத்தம் விழுகிறது. வெயிலில் வியர்த்து, வெறுவயிற்றோடு வந்தவருக்கு அது சீக்கிரம் வரும். காலைச் சாப்பாடு கட்டாயம். ஊசிக்கு முந்திய அரை மணிக்குள் அரை லீற்றர் தண்ணீர் கொடுங்கள். வரிசையை முற்றத்தில் நிற்பாட்ட வேண்டாம், மண்டபத்துக்குள் கதிரை போடுங்கள்.

படுத்திருக்கும்போது தொடைத் தசையை இறுக்கி விடச் சொல்லுங்கள். முடிந்ததும் 15 நிமிடம் இருக்கட்டும். முகம் வெளுத்து, வியர்த்து, கொட்டாவி விட்டால் இருத்தி வைக்காமல் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். சிலருக்குப் பிந்தித்தான் வரும், ஆகவே உடனே மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

பஞ்சை வைத்து முழங்கையை மடிப்பது பிழை. கையை நீட்டி உயர்த்தி அழுத்தினால்தான் கண்டல் காயம் வராது.

சீனன்குடாவிலிருந்து ஒருவர்:
ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சோதிக்க யாரும் இரத்தம் கொடுக்க வரக்கூடாது. தொற்றின் ஆரம்ப நாட்களில் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். அந்தப் பை ஒரு நோயாளிக்கு ஏறிவிடும். வைத்தியர் தனியாகக் கேட்கும்போது உண்மை சொல்ல வேண்டும். அஸ்பிரின் போட்டதையும் சொல்லட்டும், இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் அதனால் சரியாக வேலை செய்யாது.

கழகச் செயலாளர்:
நன்றி. அறுபது பேரையும் ஒரே நாளில் எடுப்பார்களா?

ஆய்வுகூட அலுவலர்:
திகதி வைக்க முன் திருகோணமலை ஆஸ்பத்திரி இரத்த வங்கியோடு கதையுங்கள், எத்தனை பேர் என்று அவர்கள் சொல்லுவார்கள். எடுத்த இரத்தத்தின் செங்கலங்கள் குளிரில் 35 முதல் 42 நாள் வரை இருக்கும். சிறுதட்டுகளோ 5 நாள்தான், அதுவும் அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். அதனால் சிறுதட்டு தேவைப்படும் டெங்குக் காலத்துக்கு வைகாசியில் எடுத்தது உதவாது. அரிதான நெகட்டிவ் இரத்த வகைக்காரரின் தொலைபேசி இலக்கங்களைத் தனியாக எழுதி வைத்து, வங்கி கூப்பிடும்போது அனுப்புங்கள்.