வீட்ல கிடக்கிற மூடி, பட்டன், டப்பாவுல பொம்மை வீடு: மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

காட்பாடிக்காரி

ரொம்ப நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. பொம்மை வீடு பண்றவங்களுக்குத் தெரியும், ஒரு தடவை ஆரம்பிச்சிட்டா அப்புறம் எந்த மூடியும் மூடியா தெரியாது. பேஸ்ட் மூடி பூந்தொட்டி, டிச் பட்டன் ஸ்டவ் பர்னர், ரீஃபில் முனை குழாய், ஒத்தைக் கம்மல் திருகாணி பீரோவுக்கு கைப்பிடி. லீவுல பொண்ணுக்கு ஷூ டப்பா ரெண்டை ஒட்டி மாடி வீடு பண்ணேன். சமையல்கட்டுக்கு தட்டு வேணும்னு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தா உள்ள ஏழெட்டு ஆரஞ்சு மூடி. மாமனாரோட இன்சுலின் பாட்டில் மூடி. அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகுது, டின்னுல யார் சேத்து வெச்சாங்கன்னு கூட நான் யோசிக்கல, ஆஹா தட்டு கிடைச்சிருச்சுன்னு மட்டும்தான் தோணுச்சு.

பொண்ணு தெர்மோகோலை உதுத்து சோறு மாதிரி எல்லா தட்டுலயும் குவிச்சு வெச்சு, பொம்மைங்களை பந்தியில உக்கார வெச்சிட்டா. கோயிலுக்குப் போயிட்டு வந்த அத்தை குனிஞ்சு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒரே ஒரு தட்டை எடுத்து, சோத்தை உதறிட்டு, முந்தானையில முடிஞ்சிகிட்டு உள்ள போயிட்டாங்க. திட்டல, அழல, ராத்திரி எப்பவும் போல இட்லிக்கு சட்னி பத்தலன்னு சொன்னாங்க. நாலு மாசம் ஆச்சு, அந்த முடிச்சு போட்ட விரல்தான் கண்ணுலயே நிக்குது. நான் பண்ணது தப்பா?

ஆம்பூர்_கட்டிங்

அக்கா உங்களுது மனக்கஷ்டம், என்னுது மானக்கேடு. ஷூ கம்பெனியில கட்டிங் செக்ஷன், பேரு வேணாம். தினம் கூடை கூடையா துண்டு லெதர் விழும், அதுல உள்ளங்கை சைஸ்ல ஒரு டார்க் பிரவுன், என் பையன் பொம்மை வீட்டுக்கு சோபா தெச்சா அப்படியே ஜமீன் வீடு மாதிரி இருக்கும்னு ஆசைப்பட்டு டிபன் பாக்ஸ்ல போட்டுகினு வந்துட்டேன். கேட்ல செக்யூரிட்டி தாத்தா மூடியைத் திறக்கச் சொன்னார். குஸ்கா வாசனையோட லெதர். அதைத் தூக்கி லைட்டுல பிடிச்சு முன்னயும் பின்னயும் திருப்புறார், பின்னாடி ஷிஃப்ட் முடிஞ்ச நூறு பேர் நிக்கிறாங்க. "இன்னாத்துக்குப்பா இது?" "பொம்மைக்கு சோபாங்க." ஒரு நிமிஷம் ஒருத்தனும் பேசல. அப்புறம் லைன் முழுக்க சிரிச்சுது பாருங்க.

விட்டுட்டார். ஆனா அன்னிலேர்ந்து தினம் சாயந்தரம் "சோபா ஆச்சா?"ன்னு கேக்கிறார். இதுல கொடுமை இன்னான்னா சோபா வரவே இல்ல. ஷூ மேல்பக்கத்துக்குப் போற தோல் ஒண்ணேகால் மில்லி இருக்கும், சின்ன மூலையில மடிச்சா மடியாது, திமிறிகினு நிக்கும். லைனிங் தோல், இல்லன்னா கையுறைக்குப் போற அரை மில்லி தோல்தான் வேணும். ஓரத்தை ஸ்கைவிங் மிஷின்ல சீவிட்டா மடியும், ஆனா பொம்மை சோபாக்கு ஸ்கைவிங் போடுங்கன்னு நான் எந்த மூஞ்சியை வெச்சுகினு கேக்கறது. இப்போ வேற கேட் வழியா போறேன்.

ஒண்ணுக்குப்_பன்னெண்டு

எல்லாரும் அனுபவம் சொல்றீங்க சரி, ஆனா யாரும் அளவைப் பத்தி பேசல. என் கதை சின்னது. ராணிப்பேட்டையில என் தங்கச்சி பையனுக்கு ஒரு வீடு பண்ணிக் கொடுத்தேன், அவன் ஒரு நிமிஷம் பாத்துட்டு "மாமா, இந்த சேரை எந்தக் கதவு வழியா உள்ள கொண்டு போனாங்க?"ன்னான். சேர் கதவை விடப் பெருசு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால சொல்றேன். உலகம் பூரா பொம்மை வீட்டுக்காரங்க அதிகமா வெச்சிருக்கிற கணக்கு 1:12, அதாவது ஒரு அடிக்கு ஒரு இன்ச். ராஷ்டிரபதி பவன் கட்டுன அதே லட்யன்ஸ்தான் இங்கிலாந்து ராணி மேரிக்கு 1924ல ஒரு பொம்மை வீடு முடிச்சுக் கொடுத்தார், இன்னும் விண்ட்சர் கோட்டையில இருக்கு, குழாய்ல நிஜமாவே தண்ணி வரும், அதுவும் இந்தக் கணக்குதான். கையில ஒரு ஸ்கேல் வெச்சுக்குங்க, எந்தப் பொருள் கிடைச்சாலும் அளந்து 12ஆல பெருக்குங்க. பழைய அஞ்சு ரூபா காயின் 23 மில்லி, பெருக்குனா 27 சென்டிக்கு மேல, அசல் சாப்பாட்டுத் தட்டு. பத்து ரூபா காயின் 27 மில்லி, அது தாம்பாளம். தீப்பெட்டி அஞ்சு சென்டி நீளம், அப்போ அறுபது சென்டி, மூணை அடுக்கி ஒட்டுனா கட்டில் பக்கத்துல வெக்கிற டிராயர் டேபிள். பேஸ்ட் மூடியை பக்கெட்னு வெக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, நம்ம வீட்டு பக்கெட் ஒரு அடி உசரம், அப்போ ரெண்டரை சென்டி வரணும், பல மூடி அவ்வளவு வராது, அது தண்ணி மொள்ற சொம்பு. பார்பி வெச்சிருக்கிறவங்களுக்கு இது எதுவும் ஆகாது, பார்பி பதினொண்ணரை இன்ச், அதுக்கு 1:6, நான் சொன்னது எல்லாத்தையும் ரெட்டிப்பாக்கணும். காட்பாடி அக்கா, உங்க மூடி 20 மில்லி இருக்கும், 24 சென்டி தட்டு, அளவு சரியாத்தான் இருக்கு.

குடியாத்தம்_கொலு

அக்கா கேட்டது தப்பா சரியான்னு, இவர் அளவு சரியாம். எங்க ஆயா காலத்துலேர்ந்து சொப்பு வெச்சு ஆடறோம், சொப்பு அடுப்பை விட சொப்புப் பானை பெருசாத்தான் இருக்கும், எவளும் ஸ்கேல் எடுத்துகினு வரல. கொலுவுல செட்டியார் பொம்மை உக்காந்தா பக்கத்துல இருக்கிற கோபுரம் அவர் இடுப்புக்கு வரும். யாருக்கு இன்னா கஷ்டம்?

என் விஷயம் வேற. போன கொலுவுக்கு பார்க் வேணாம்னு மளிகைக்கடை போட்டேன். எங்க ஊர்ல தீப்பெட்டிக்கா பஞ்சம், தட்டை மட்டும் உருவி அடுக்குனா மளிகைக்கடை ரேக். மாத்திரை அட்டையோட காலி குழியில துவரம்பருப்பு, கடுகு, ரவை, மிளகு. பேனா மூடியில எண்ணெய் தூக்கு. சோடா மூடி ரெண்டை நூல்ல தொங்கவிட்டு தராசு. பாக்க அவ்ளோ அழகு, வர்ற பொம்பளைங்க எல்லாம் சுண்டலை மறந்துட்டு போட்டோ எடுத்தாங்க. அஞ்சாம் நாள் சம்பந்தி வீட்லேர்ந்து முதல் தடவை வந்திருக்காங்க, பாட்டு பாடிகினு இருக்கிறப்போ அவங்க வீட்டுக் குட்டி கத்துது, "ஆன்ட்டி, உங்க கடையில எலி போகுது!" எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. பாத்தா ரவையிலேர்ந்து வண்டு. ஒண்ணு ரேக் மேல நிதானமா நடந்து போய் தராசுல ஏறுது, தராசு அசையுது. சம்பந்தியம்மா என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல, அந்தப் பார்வையில என் சமையல்கட்டு டப்பா எல்லாத்தையும் திறந்து பாத்துட்டாங்க.

ஒண்ணுக்குப்_பன்னெண்டு

வண்டு 3 மில்லி. 12ஆல பெருக்குனா 3.6 சென்டி. அது எலி இல்லம்மா, கரப்பான். ரவையை வெறும் வாணலியில நல்லா வறுத்து, ஆறவெச்சு அப்புறம் ஒட்டியிருந்தா வந்திருக்காது.

குடியாத்தம்_கொலு

கேட்டேனா?

ஆரணி_மெத்தை

சண்டை போடாதீங்க. முக்கியமான ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், குழந்தையை பக்கத்துல வெச்சுகினு பண்றவங்க படிங்க. எங்க தெருவுல பட்டு நெசவு, தறியில அறுத்துப் போட்ட துண்டு வாங்கி மெத்தை தெச்சேன், உள்ள வெக்கிறதுக்கு பஞ்சு, ஊசி எடுக்க சோம்பேறித்தனம், ஓரத்தை ஒட்டிடலாம்னு அந்த அஞ்சு ரூபா இன்ஸ்டன்ட் பசையை பிதுக்குனேன். கொஞ்சம் ஜாஸ்தியா பஞ்சுல இறங்கிருச்சு. ரெண்டு செகண்ட்ல கையில தீ வெச்ச மாதிரி சுடுது, மெத்தையிலேர்ந்து மெல்லிசா புகை வருது, கண்ணு எரியுது. என் மூணு வயசுப் பையன் பக்கத்துல உக்காந்து கை தட்றான், அப்பா மேஜிக் பண்றார்னு. விரல்ல இன்னும் தழும்பு இருக்கு. அவன் கை அதுல இருந்திருந்தான்னா, அந்த நினைப்புதான் ராத்திரி வருது.

அப்புறம்தான் தெரிஞ்சுகிட்டேன், அந்தப் பசை பருத்தியில பட்டா ரொம்ப வேகமா இறுகும், அப்போ வர்ற சூடுதான் அது. பருத்தித் துணி, பஞ்சு, இயர்பட் முனை எதுலயும் வேணாம். துணிக்கும் அட்டைக்கும் ஃபெவிகால் போதும், காய நேரம் ஆகும், அவ்ளோதான். கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக்லயும் இன்ஸ்டன்ட் பசை வேணாம், சுத்தி வெள்ளையா பூத்துரும், ஜன்னல் பனி பிடிச்ச மாதிரி ஆயிடும், வேலூர்ல பனியா!

சத்துவாச்சாரி_சிஸ்டர்

நான் நர்ஸ். காட்பாடி அக்கா போஸ்டைப் படிச்சதும் எனக்கு பக்குனு இருந்துச்சு, சென்டிமென்ட்டால இல்ல. மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடி சரி, அதுல ஊசி படாது, சோப்பு போட்டு கழுவுனா போதும். ஆனா அதைப் பாத்துட்டு சிரிஞ்ச், ஊசி உறை, டிரிப் டியூப்னு எடுக்க ஆரம்பிப்பாங்க. எடுக்காதீங்க. ஆஸ்பத்திரியில 2016 ரூல்ஸ்படி ஊசிக்கு வெள்ளை டப்பா, டியூபுக்கு சிவப்பு பை, கண்ணாடி பாட்டிலுக்கு நீலம், அவ்ளோ பிரிச்சு வெக்கிறோம், வீட்ல எல்லாத்தையும் ஒரே கவர்ல கட்டி குப்பையில போட்றீங்க, தள்ளுவண்டி எடுத்துட்டு வர்ற அம்மா கையில குத்துது. ஊசியை ஒரு தடிமனான பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு டேப் ஒட்டிக் கொடுங்க. மாத்திரை அட்டை எடுக்கறதா இருந்தா எல்லா குழியும் காலியான்னு பாருங்க, குட்டிப் பசங்க மிட்டாய்னு வாயில போட்டுரும். அட்டை ஓரமும் கீறும், கத்தரிச்சா முனையை உருட்டி விடுங்க. பட்டன் பேட்டரியை தட்டு கிட்டுன்னு வெச்சிடவே வெக்காதீங்க, முழுங்கிட்டா தொண்டையையே அரிச்சிடும், உடனே தூக்கிகினு ஓடணும்.

எனக்குன்னு அனுபவம் ஒண்ணும் இல்ல, சொல்லணும்னு தோணுச்சு.

லாட்ஜ்_மாடி

வேலூர்ல ஆஸ்பத்திரி பக்கம் சந்துல லாட்ஜ் பாத்துக்கறேன். எங்க சந்துல போர்டு பாதி பெங்காலி, தங்கறவங்களும் முக்காவாசி அந்தப் பக்கத்து ஜனம்தான். ரெண்டு வருஷம் முன்னாடி மாடி ரூம்ல ஒரு குடும்பம், அப்பாவுக்கு வைத்தியம், ரெண்டு மாசம் இருந்தாங்க, ஒன்பது பத்து வயசுல ஒரு பொண்ணு. பகல் பூரா தனியா இருக்கும். ஜன்னல் திட்டுல ஏதோ அடுக்கிகினு இருந்துச்சு, இன்னா கண்ணுன்னு கேட்டா "பாரி, பாரி"ன்னுச்சு, நான் யார்ரா பாரின்னு நெனச்சேன், அப்புறம் கீழ டீக்கடையில கேட்டா பாரின்னா அவங்க பாஷையில வீடாம்.

மருந்து டப்பாதான் சுவரு, மாத்திரை அட்டை ஜன்னலு. வாட்டர் பாட்டில் மூடி கிணறு, நாந்தான் ஒண்ணு ரெண்டு மூடி, தண்ணி கேன் சீலு எல்லாம் கொண்டு போய் கொடுப்பேன். நடு ரூம்ல ஒரு கட்டிலு, சவ்வரிசி கலர்ல பேண்டேஜ் துணி மெத்தை, மேல ஒரு தீக்குச்சி ஆளு படுத்துகினு இருப்பாரு. பக்கத்துல இயர்பட் குச்சி நட்டு அதுல காலி ரீஃபில் தொங்கும். அது டிரிப். தினம் காத்தால அந்த ரீஃபிலை மாத்தும்.

ஒரு நாள் விடியக்காலம் ரயிலுக்கு காட்பாடி போயிட்டாங்க, கணக்கு முடிச்சது ராத்திரி டூட்டி ஆளு, நான் பாக்கல. ரூம் கழுவப் போனா வீடு அப்படியே இருக்குது. டிரிப் இருக்குது. கட்டில்ல மட்டும் ஆள் இல்ல.

கூட எடுத்துகினு போயிருக்கும். அப்படித்தான் இருக்கும். மூணு பேரும் கீழ இறங்கிப் போனாங்களான்னு ராத்திரி டூட்டிக்காரன்கிட்ட கேக்கலாம், இன்னும் அங்கதான் வேலை பாக்குறான், கேக்கல. ஓனர் ரெண்டு தடவை திட்டுக்கு பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டார்.

காட்பாடிக்காரி

எல்லாத்தையும் படிச்சேன். லாட்ஜ் அண்ணா, உங்களுக்கு பதில் சொல்லத் தெரியல.

நேத்து அத்தைக்கு தலை வாரி விட்டுகிட்டே கேட்டுட்டேன், அன்னிக்கு ஏன் அந்தத் தட்டை எடுத்தீங்கன்னு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "சோறு வெச்சிருந்தியேம்மா அதுல"ன்னாங்க. எனக்குப் புரியல. "அவருக்கு சோறு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, ரெண்டு வேளையும் களியும் கோதுமையும்தான். கடைசி வரைக்கும் ஒரு கை சோறு போடுடின்னு கேட்டுகினே இருந்தாரு. நாந்தான் போடல."

மூடியைத் திருப்பித் தரல, நானும் கேக்கல. மிச்ச ஆறையும் அவங்க பீரோவுலயே வெச்சிட்டேன். பொண்ணு இப்போ அஞ்சு ரூபா காயின்ல பந்தி போட்றா.