பச்சை ரப்பர் தடியும் வீட்டுப் பட்டறை பாய்லரும்

குலசேகரம் தச்சன்:
வீட்டை ஒட்டிய முந்திரிப் பட்டறையில் கொட்டை அவிக்க விறகு பாய்லர் வைக்கப்போவதாகவும், வெட்டிய ரப்பர் மரத் தடியைக் காயவைக்காமலே எரிக்கலாம், தீயே ஈரத்தை உலர்த்திக்கொள்ளும் என்றும் கருங்கல் நண்பர் நேற்று எழுதியிருக்கிறார். இதைத் துணிந்து எழுத அவரால்தான் முடியும். பச்சைத் தடியின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை விரட்டவே தீ செலவானால் கொட்டையை எதைக்கொண்டு அவிப்பது?

கருங்கல் பட்டறை:
அண்ணாச்சிக்கு நான் கணக்கு சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ பச்சைத் தடியிலுள்ள அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 300 கிலோகலோரி போதும். மீதமுள்ள மரமோ 2,000 வரை தரும். இதற்காகப் பட்டறை மூழ்கிவிடாது. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று என்று கொட்டும் நம் மாவட்டத்தில் விறகு எப்போது காயும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

நாகர்கோவில் பழைய ஃபிட்டர்:
முதலில் கலத்தின் அளவைச் சொல்லுங்கள். கொள்ளளவு 25 லிட்டருக்கோ, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கோ குறைவாக இருந்தால், 2025ஆம் ஆண்டின் சட்டப்படி அது பாய்லரே அல்ல. இல்லையென்றால் பதிவும் ஆய்வுச் சான்றும் வேண்டும். சேஃப்டி வால்வைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

குலசேகரம் தச்சன்:
சட்டம் இருக்கட்டும் சார், ஈரத்துக்கு வருவோம். அந்த 300 தாளில் சரி, அடுப்பில் சரியல்ல. ஈரத் தடியால் தீயறையின் சூடு இறங்கும்போது, மரத்திலிருந்து கிளம்பும் வாயு முழுதாக எரியாமல் புகையாகப் போய், புகைக்குழாயின் உட்புறத்தில் தாராகப் படிகிறது. விரலால் சுரண்டினால் அது வராது. உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். தடியைப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்று புகும்படி அடுக்கினால் மழைக்காலத்திலும் ஓரளவு உலரும். முழுத் தடியாகக் குவித்தால் பூஞ்சைதான் மிஞ்சும்.

மார்த்தாண்டம் முந்திரி:
அண்டியாபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், கொட்டையின் ஓடான முந்திரித் தோட்டையே எரிப்பதுண்டு. உங்கள் பட்டறையிலேயே தோடு கிடக்கும்போது ரப்பருக்கு ஏன் இந்தச் சண்டை?

கருங்கல் பட்டறை:
தோட்டு எண்ணெயின் புகையில் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டி கறுத்துப்போனால், பதில் சொல்ல நீங்கள் வருவீர்களா? மேலும், ஆஞ்சிலியை விட்டால் உலகில் மரமே இல்லை என்று சென்ற ஆண்டு இங்கே வாதாடியவர் எனக்கு ரப்பரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

குலசேகரம் தச்சன்:
ஆஞ்சிலியைப் பற்றி அன்று சொன்னதை இன்றும் சொல்வேன். அதில் கதவு செய்தவனுக்கு அதன் அருமை தெரியும், தேக்கு என்று நம்பி ஏமாந்தவருக்குத் தெரியாது. ஆனால் ஈரத்துக்கு இன்னும் விடை வரவில்லை. பச்சைத் தடி, தார், அடைத்த குழாய்: இதில் எதை மறுக்கிறீர்கள்?

நாகர்கோவில் பழைய ஃபிட்டர்:
எத்தனை லிட்டர் என்று கேட்டிருந்தேன்.

கருங்கல் பட்டறை:
குழாய் என் வீட்டுக் குழாய், உங்கள் உளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை இரண்டு லோடு தடி இறங்குகிறது.