பரவைக்கடலுக்குப் பழைய போட் பாக்கப் போறவைக்கு: உங்கடை அனுபவத்தையும் எழுதுங்கோ

பாஷையூரான்:

மச்சானுக்கு ஒரு பழைய 18½ அடி ஃபைபர் போட் எடுக்கவேணும் எண்டு யாழ்ப்பாணத்திலை ஊர் ஊராத் திரிஞ்சனாங்கள். நாவாந்துறை, குருநகர், அங்காலை வேலணை, ஊர்காவற்றுறை வரைக்கும். நண்டு வலையும் சின்ன மீன் வலையும் போட்டு, ஆழம் குறைஞ்ச பரவைக்கடல் களப்புக்குள்ளையே தொழில் செய்யிறதுதான் அவன்ரை எண்ணம். பாத்ததுகளை எழுதுறன், ஆருக்கும் உதவும்.

விக்கிறவர் முதல் எஞ்சினைத்தான் காட்டுவார். மூடியைத் திறந்து, ஒரே இழுவையிலை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். வாங்கப் போறவரும் அந்தச் சத்தத்திலை மனம் விட்டிடுவார். எஞ்சின் சரியில்லை எண்டால் கழட்டிப்போட்டு வேறை பூட்டலாம். போட்டின்ரை உடம்பு கெட்டுப்போயிருந்தால் உழைக்கிற காசு முழுக்க அதுக்கைதான் போகும். அதாலை எஞ்சினைக் கடைசியாப் பாருங்கோ.

உடம்பிலையும் முதல் பாக்க வேண்டியது எஞ்சின் பூட்டுற பின்பலகை. வெளியிலை ஃபைபர், உள்ளுக்கை மரப்பலகை. எஞ்சினுக்காகத் துளைச்ச ஓட்டையளைச் சரியா அடைக்காட்டில் உப்புத்தண்ணி அதுக்குள்ளாலை இறங்கி, வருசக்கணக்கிலை மரத்தை உக்க வைக்கும். வெளியிலை ஒண்டும் தெரியாது. ஸ்க்ரூ ட்ரைவரைத் திருப்பிப் பிடிச்சு, அதின்ரை பிடியாலை பலகை முழுக்கத் தட்டிக்கொண்டு வாங்கோ. நல்ல இடம் டங் எண்டு கேக்கும். உக்கின இடம் டப் எண்டு அமுங்கிக் கேக்கும். அதோடை எஞ்சினைச் சாய்ச்சு விட்டு, அதின்ரை காலை (தண்ணிக்கை இறங்கிற பகுதியை) பிடிச்சு மேலையும் கீழையும் அசைச்சுப் பாருங்கோ. பலகையும் சேர்ந்து அசைஞ்சு, உள்மூலையிலை மயிர்வெடிப்பு விரிஞ்சால் விட்டிட்டு வாங்கோ.

ஊர்காவற்றுறைப் பக்கம் பாத்த ஒண்டு புதுசா நீலப் பூச்சு அடிச்சு அவ்வளவு வடிவா நிண்டது. ஒரு போல்ட்டைக் கழட்டிக் காட்டச் சொன்னம். கழட்டினதும் கறுத்த தண்ணி ஒழுகினது. கூடவே மாவா மரத்தூள். விக்கிறவர் ஒரு வயதான ஐயா, அவருக்கும் உண்மையிலை தெரியாது. முகம் வாடிப்போனார். மகனுக்கு எண்டு எடுத்த போட்டாம், மகன் இப்ப வெளிநாட்டிலை. எனக்கும் மனம் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பலகையை நம்பி ஒருத்தனைக் கடலுக்கு அனுப்பேலாது.

அடுத்தது அடிப்பக்கம். எங்கடை கரையளிலை மணலோடை முருகைக்கல்லும் கிடக்கு. இழுத்து ஏத்தி ஏத்தி ஏராப் பக்கம் (அடியின்ரை நடுமுதுகு) தேஞ்சு, ஜெல்கோட் எண்ட மேல்பூச்சுப் போய், உள்ளை இருக்கிற கண்ணாடித் தும்பு வெளியிலை தெரியும். அந்தத் தும்பு வழியாத் தண்ணி உள்ளுக்கை ஏறும். அடியிலை சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் ஒண்டைக் குத்திப் பாருங்கோ. புளிச்ச மணத்தோடை தண்ணி வந்தால், கனகாலம் கரையேத்தாமல் தண்ணியிலையே கட்டி வைச்ச போட்.

எங்கை செய்த போட் எண்டதும் கேளுங்கோ. காரைநகரிலை 1967இலை தொடங்கின சீநோர் எண்ட போட் கட்டுற நிறுவனத்தின்ரை காலத்துப் போட்டுகளைப் பற்றி எங்கடை அப்புமார் இண்டைக்கும் பெருமையாத்தான் கதைக்கினம். சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாச் செய்து குடுத்ததுகள் வேறை கதை. அதுகளிலை கனக்கத் தரக்குறைவு எண்டு ஐ.நா.வின்ரை உணவு விவசாய அமைப்பே அப்பவே சொன்னது. பூச்சு அடிக்காத போட் எண்டால் வெயிலுக்கை கவிட்டு வைச்சு, உள்ளுக்கை குனிஞ்சு பாருங்கோ. ஃபைபர் மெல்லிசான இடத்திலை வெளிச்சம் கசியும்.

கடைசியா, ஆள் ஒருத்தரும் ஏறாமல் தண்ணியிலை மிதக்க விட்டுப் பாருங்கோ. அணியம் (முன்பக்கம்) தாண்டு நிண்டால் முன்னறைக்கை அடைச்ச நுரை தண்ணி குடிச்சிட்டுது எண்டு அர்த்தம்.

அராலித்துறை:

அண்ணை எழுதினது எல்லாம் சரி. ஒண்டு விட்டுப்போச்சு. களப்புக்கு ஏத்த போட்டோ எண்டதை முதல் பாக்கவேணும்.

எங்கடை பக்கம் கனக்க இடத்திலை தண்ணி இடுப்பளவுதான். தண்ணி வத்துற நேரத்திலை முழங்காலுக்கும் வந்திடும். வடமராட்சிக் கரையிலை, பெருங்கடலுக்குப் போன போட் விலை மலிவு எண்டு ஆக்கள் இஞ்சாலை கொண்டு வருகினம். அதுகள் அலையை வெட்டிப் போறதுக்கு அடி கூராச் செய்தது. எங்கடை தண்ணியிலை அது தரை தட்டி நிக்கும். பாதி வழியிலை எஞ்சினைத் தூக்கிப்போட்டுக் கம்பு ஊண்டித்தான் வரவேணும். என்ரை சித்தப்பா அப்பிடி ஒண்டு எடுத்து, சோளகக் காத்து (தென்மேல் காத்து) காலம் முழுக்கக் கம்போடைதான் நிண்டவர். கூரடி போட்டைக் கம்பாலை தள்ளுறது லேசில்லை, நேரா நிக்காது, காத்து இழுத்துக்கொண்டு போகும். அடி தட்டையா, அகலமா இருக்கிறதாப் பாருங்கோ.

எஞ்சின்ரை காலும் அப்பிடித்தான். குட்டைக்கால் எண்டால் பின்பலகை உயரம் 15 அங்குலம், நெடுங்கால் எண்டால் 20. நெடுங்கால் எஞ்சினைக் குட்டைப் பலகையிலை பூட்டினால் புரோப்பலர் 5 அங்குலம் கூடக் கீழை தொங்கும். களப்பிலை அந்த 5 அங்குலம்தான் சாதாழையிலை (கடல்புல்லிலை) சிக்கிறதும் கல்லிலை அடிக்கிறதும். ஒரு அளவுநாடா கொண்டு போங்கோ.

குருநகர்ப் பொடியன்:

நான் எஞ்சின் திருத்திற வேலை. எஞ்சினைக் கடைசியாப் பாருங்கோ எண்டதை ஏற்றுக்கொள்ளுறன், ஆனால் குறைச்சுப் பாக்காதேங்கோ.

2022 ஆகஸ்ட்டிலை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலை இருந்து 340க்கு ஏறின உடனை எத்தினையோ போட் கரையிலை ஏறினது. பெற்றோலிலை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்திற எஞ்சினை நிப்பாட்டேக்கை திருப்பிப் பெற்றோலுக்கு மாத்தி, கொஞ்சம் ஓட விட்டுத்தான் நிப்பாட்டவேணும். அப்பிடிச் செய்யாமல் மாசக்கணக்கிலை கிடந்ததின்ரை கார்பரேற்றரைத் திறந்தால் பிசின் மாதிரிக் கிடக்கும். விக்கிறவரிட்டை "எப்பிடி நிப்பாட்டுறனீங்கள்?" எண்டு சும்மா கேளுங்கோ. பதிலிலையே அவர் எஞ்சினை வைச்சிருந்த விதம் தெரியும்.

நீங்கள் போகேக்கை எஞ்சின் ஆறிக் கிடக்கவேணும். தொட்டுப் பாக்கச் சூடு இருந்தால் உங்களுக்கு முதலே ஓட்டி வைச்சிருக்கினம். ஓடேக்கை பின்னாலை தண்ணி பாயுற ஓட்டையைப் பாருங்கோ. களப்பு மணலும் சேறும் இழுத்து இழுத்துத் தண்ணிப் பம்ப் தேஞ்சிருந்தால் பாய்ச்சல் நூலாத்தான் வரும். கியர் ஒயில் பிளக்கைக் கொஞ்சம் தளத்துங்கோ. ஒயில் பால் நிறத்திலை வந்தால் சீல் போய்த் தண்ணி ஏறிட்டுது.

வேலணை அக்கா:

போட்டைத் தட்டிப் பாக்கிற மாதிரிக் கடதாசியையும் தட்டிப் பாருங்கோ தம்பிமார். அணியத்திலை எழுதியிருக்கிற OFRP எண்டு தொடங்கிற பதிவு நம்பரை அப்பிடியே எழுதிக்கொண்டு போய், காசு குடுக்க முதல் கடற்றொழில் பரிசோதகரிட்டைக் காட்டுங்கோ. போட் ஆற்றை பேரிலை எண்டு தெரிஞ்சிடும். எங்கடை சங்கத்திலை ஒரு பிள்ளை முழுக்காசும் குடுத்து வாங்கின பிறகுதான், விக்கிறவர் சம்மாட்டி (மீன்பிடி முதலாளி) ஒருத்தரிட்டை அந்தப் போட்டைக் காட்டிக் கடன் எடுத்திருந்தது தெரிய வந்தது. ரெண்டு பக்கமும் பேசி முடிக்கிறதுக்குள்ளை நண்டுச் சீசன் போட்டுது. போட் பதிவு வேறை, தொழில் அனுமதிப்பத்திரம் வேறை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்திலை ரெண்டும் தனித்தனி. போட் பேர் மாறினால் அனுமதியும் தானா மாறும் எண்டு இருந்திடாதேங்கோ.

அராலித்துறை:

பாஷையூர் அண்ணை, பின்பலகை மட்டும் உக்கி, மிச்சம் எல்லாம் நல்லா இருந்தால் விட்டிட்டுத்தான் வரவேணுமோ? இஞ்சை ஒண்டு அப்பிடிக் கிடக்கு.

பாஷையூரான்:

விலையைக் குறைச்சுத் தந்தால் எடுக்கலாம் தம்பி. மேலாலை ஒரு ஃபைபர் துண்டை ஒட்டித் தாறன் எண்டு ஆராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதை. ஈரமரத்துக்கு மேலை ரெசின் பிடிக்காது, உள்ளுக்கை உக்கல் நிக்கவும் நிக்காது. உள்பக்க ஃபைபரை வெட்டி எடுத்து, பழைய மரத்தைச் சுரண்டி, நல்லாக் காய விட்டு, புதுப்பலகை வைச்சுப் படை படையா மெழுகவேணும். வாடைக் காத்து மழையிலை இந்த வேலையைத் தொடங்காதை. இப்ப வெயில் காலம்தானே, ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. பலகை வேலைக்கு அவர் சொல்லுற காசை விலையிலை கழிச்சுக் கேள்.